ஆறு வருடம் உதித்த சூரியன்

எழுதுவதைத் தவிர ஓர் எழுத்தாளர் செய்யவேண்டிய மற்ற எல்லாவற்றையும் வரிச்சிக்குடி சுப்ராயன் செய்து முடித்திருந்தார். கூட்டுறவு சங்கத்தில் யூரியா மூட்டைக்கு ரசீது போடும் குமாஸ்தா அவர். தேக்கு மேசை வாங்கியாயிற்று. தெற்கே பார்த்து உட்கார்ந்தால் கற்பனை வராது என்று மேசையைக் கிழக்கே திருப்பியாயிற்று. 'வரிச்சி வளவன்' என்று புனைபெயர் வைத்து அதற்கு ரப்பர் ஸ்டாம்பும் செய்தாயிற்று. ஜிப்பா இரண்டு. கதை ஒன்றுதான் பாக்கி.

கதையே இல்லை என்று சொன்னால் பாவம். முதல் வரி இருந்தது: 'செங்கதிரோன் கீழ்வானில் செம்பொன்னை வாரி இறைத்த அவ்வினிய காலைப் பொழுதில்...' 1971இல் எழுதியது. அது செம்பொன்னா, குங்குமமா, பவளமா என்பதில்தான் தகராறு. அடித்து அடித்துத் திருத்தினார். ஆறு வருடமாக அந்தக் கதையில் சூரியன் உதித்துக்கொண்டே இருந்தது. ஒரு மனுஷன் எழுந்து பல் விளக்கவில்லை.

"ஏங்க, உங்க சூரியன் இன்னும் மேல ஏறலியா? வடாம் காயணும்" என்பாள் மனைவி மங்கையர்க்கரசி.

குற்றம் பேனாவின் மேல் என்று முடிவுகட்டி, காரைக்கால் கடைத்தெருவில் பீர் மைதீன் கடைக்கு மாதம் ஒருமுறை சைக்கிள் மிதிப்பார். பீர் மைதீன் புதுப் பேனாவைத் திறந்து ஒரு தாளில் சரசரவென்று கிறுக்கிக் காட்டுவார்.

"எப்புடி ஓடுது பாத்தீங்களா? உங்க கைக்குப் போனா மட்டும் ஏன் நொண்டுது?"

"நிப்பு சரியில்ல பாய்."

"போன மாசம் மை சரியில்லன்னீங்க. அதுக்கு முந்தி பேப்பரு. அடுத்த மாசம் என்னன்னு இப்பவே சொல்லிட்டீங்கன்னா சரக்கு எடுத்து வெச்சுடுவேன்."

உண்மையான காரணம் வீட்டுப் பஞ்சாங்கத்துக்குள் மடித்துக் கிடந்தது. இருபத்து நான்கு வயதில் ஒரே மூச்சில் ஒரு கதை எழுதிச் சென்னைப் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பியிருந்தார். அது திரும்பி வந்தபோது கூடவே வந்த துண்டுச் சீட்டு. 'பிரசுரிக்க இயலாமைக்கு வருந்துகிறோம்.' ஆயிரம் பேருக்கு ஆயிரமாக அச்சடித்த சீட்டு. சுப்ராயனோ தனக்கென்றே யாரோ கணித்து எழுதிய ஜாதகமாக அதை எடுத்துக்கொண்டார். கதையை அடுப்பில் போட்டார்; சீட்டைப் பத்திரப்படுத்தினார்! மனிதர்களை எழுதினால்தானே தப்பாகிப் போகும்? சூரிய உதயத்தில் யார் குற்றம் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? அதனால் பாவம் அந்த மனுஷர் அங்கேயே குடியிருந்தார்.

எழுபத்தேழு நவம்பரில் புயல் வந்தது. வரிச்சிக்குடியில் பாதிக் கூரைகள் பறந்தன. சுப்ராயன் வீட்டு ஓடுகளும் போய், நாற்பது நோட்டுப் புத்தகங்கள் ஊறிக் கூழாயின. இலக்கியத்துக்கு நஷ்டம் ஏதுமில்லை, எல்லாம் வெற்றுத் தாள்.

மூன்றாம் நாள் காலை, கூலி வேலைக்குப் போகும் அஞ்சுகம் சங்கத்து வாசலில் வந்து நின்றாள். நிவாரண மனு எழுதவேண்டும்.

"தம்பி, நீங்க எழுத்தாளருன்னு சொன்னாங்க. எழுதிக் குடுங்க."

ஊரே சிரிக்கிற பட்டத்தை அவள் ஒருத்திதான் நிஜமென்று நம்பியிருந்தாள். சுப்ராயன் நிமிர்ந்து உட்கார்ந்து, யூரியா ரசீதின் பின்பக்கத்தில் ஆரம்பித்தார். "இயற்கை அன்னை சினங்கொண்டு தன் கோரத் தாண்டவத்தை..."

"அது யாரு தம்பி, அன்னை? எங்க தெருவுல அப்புடி யாருமில்ல. மாட்ட எழுதுங்க."

"சரி. மாடு செத்துப்போச்சா?"

"தெரியலியே." அஞ்சுகம் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். "செவுரு சாயுது. கட்டிக் கெடந்தா நசுங்கிப்புடும்னு அரிவாளால கயித்த அறுத்துவுட்டேன். போவமாட்டேங்குது. கொட்டுற மழையில வாசல்ல நின்னுக்கிட்டு என்னயவே பாக்குது. நாந்தான் கல்லெடுத்து அடிச்சு வெரட்டுனேன். அதுக்கப்புறம் காணும்."

சுப்ராயன் அப்படியே எழுதினார். அரிவாள், கயிறு, கல். பொன்னா பவளமா என்று யோசிக்க நேரமில்லை. பின்னால் பதினோரு பேர் நின்றார்கள், "சீக்கிரம்ங்க" என்று கத்திக்கொண்டு. இரண்டு நாளில் முப்பத்தாறு மனு. பேனா ஒருமுறைகூட நொண்டவில்லை. அதை அவர் கவனிக்கவும் இல்லை.

பத்து நாள் கழித்துத் தாசில்தார் ஆபீஸ் பியூன் மரியமுத்து, ஏற்கப்பட்ட மனுக்களைக் கொண்டுவந்தார். அஞ்சுகத்தின் மனுவில் தாசில்தார் பச்சை மையால் எழுதியிருந்தார்: 'ஏற்கப்பட்டது. இனி மனுக்கள் இரண்டு வரியில் இருக்க வேண்டும்.' அதற்குக் கீழே, சின்ன எழுத்தில், ஆபீஸுக்குச் சம்பந்தமே இல்லாமல் இன்னொரு வரி: 'மாடு திரும்பி வந்ததா?'

சுப்ராயன் அதை நாலு தடவை படித்தார். யூரியா மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். அவர் எழுதியதைப் படித்துவிட்டு, பிறகு என்ன ஆயிற்று என்று ஒருவர் கேட்கிறார்! கண் கலங்கிவிட்டது. உரம் வாங்க வந்தவர்கள் கண்ணில் புழுதி பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அன்றைக்குச் சாயங்காலமே அஞ்சுகத்தைப் போய்க் கேட்டார்.

"எங்க வந்துச்சு" என்றாள். கூரையில்லாத வீட்டு வாசலில் ஒரு சட்டி நிறையக் கழனித்தண்ணி இருந்தது. "தெனம் வெக்கிறேன். கோவம் தணிஞ்சா வராதா?"

மறுநாள் எழுத உட்கார்ந்தார். முதல் வரி: 'அஞ்சலை மாட்டைக் கல்லால் அடித்தாள்.' அஞ்சுகத்தின் பெயரை மட்டும் மாற்றியிருந்தார். சூரியன் எங்கேயும் இல்லை. கதையில் மழை பெய்துகொண்டிருந்தது. ஆறாம் பக்கம் வரை ஓடியது. பிறகு பழைய வியாதி வந்தது. பேனாவை வைத்துவிட்டு, புயலில் நனையாமல் பெட்டிக்குள் தப்பியிருந்த பஞ்சாங்கத்தை எடுத்தார். சீட்டைப் பிரித்தார்.

"இது சரியா வராது மங்கை. இவங்க அப்பவே சொல்லிட்டாங்க."

மங்கையர்க்கரசி முறத்தைக் கீழே வைத்தாள். "அவங்க உங்கள ஒண்ணும் கேக்கலீங்க, வருந்துறேன்னுதான் சொன்னாங்க. ஆறு வருசமா அவங்கள விட நீங்கதான் நல்லா வருந்துறீங்க. இந்த ஆபீசரு வாயத் தொறந்து கேட்டுருக்காரு. கேட்டவருக்குப் பதில் சொல்லாம இருக்குறது மரியாதையா?"

வேறு எதற்குப் பயப்படாவிட்டாலும் மரியாதைக் குறைவுக்கு டெல்டாக்காரர் பயப்படுவார். சுப்ராயன் பேனாவை எடுத்தார்.

ஒன்பது நாள் ஆயிற்று. பதினான்கு ரசீதுத் தாள். காரைக்காலுக்குப் போய், தாசில்தார் முன்னால் ஜிப்பாவோடு நின்றார்.

"இதென்ன, மனுவா?"

"இல்ல சார். கேட்டிருந்தீங்களே, அதுக்குப் பதில்."

"இவ்வளவு நீளமாவா?" என்று அலுத்துக்கொண்டேதான் தாசில்தார் ஆரம்பித்தார். இரண்டாம் பக்கத்தில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். வெளியே வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். மரியமுத்து இரண்டு தடவை கனைத்துப் பார்த்தார். பதினான்காம் தாள் முடிந்ததும் தாசில்தார் அதைத் திருப்பினார். பின்பக்கத்தில் யூரியா, மூன்று மூட்டை என்றிருந்தது.

"மீதி எங்கய்யா?"

"முடிஞ்சிடுச்சு சார்" என்றார் சுப்ராயன்.

ஆறு வருடத்தில் அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததே இல்லை. திரும்பும் வழியெல்லாம் சைக்கிளில் அதையே சொல்லிக்கொண்டு வந்தார்.

அந்தக் கதையை எண்பத்தொன்றில் ஒரு பத்திரிகை போட்டது. அதற்கு முன் நான்கு பத்திரிகைகள் வருந்தின. எண்பத்தைந்து வரைக்கும் எழுதிய கதைகள் பதினேழு, வந்த சீட்டுகள் முப்பத்தொன்று. கிழக்கே பார்த்த தேக்கு மேசையின் ஒரு கால் புயலிலிருந்தே ஆடிக்கொண்டிருந்தது. மங்கையர்க்கரசி சீட்டுகளை நாலாக மடித்து அதற்கு அண்டை கொடுத்தாள்.

"இன்னும் லேசா ஆடுதுங்க" என்றாள். "ரெண்டு கதை அனுப்பிவையுங்க."