வால்வு பாய் சொன்ன மூன்று இடங்கள்

தண்ணீர் லாரிக்குக் குடம் வைத்து வரிசையில் நின்றிருந்தபோது சாவுச் செய்தி வந்தது. எனக்குப் பின்னால் நின்ற வசந்தா போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, "செக்ரட்டரியம்மா, வால்வு பாய் மவுத் ஆயிட்டாராம்" என்றாள். லாரிக்காரர், "நகருங்கமா, அடுத்த தெருவுக்குப் போவணும்" என்றார். நகர்ந்தோம். குடத்தை நிரப்பினேன். பாழாய்ப்போன மனசு, அப்போதும் ஒரு சொட்டு சிந்தாமல் பார்த்துக்கொண்டது.

வால்வு பாய் என்று நாம் கூப்பிட்ட ரஷீத் பாயை அறிந்த பிள்ளையார்பாளையத்து மக்களுக்காக இதை எழுதுகிறேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் நமக்குக் குடிநீர் திறந்துவிட்டவர் அவர். சாயம் போடும் வீடுகளுக்கு முதலில், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இருக்கும் தெருக்களுக்கு அடுத்து என்று அவருக்கு ஒரு கணக்கு. சைக்கிள் கேரியரில் நீளமான இரும்புச் சாவி இருக்கும். அதைத் தெருவடி வால்வுக் குழிக்குள் இறக்கி, மேல்முனையில் காதை வைத்துக் கேட்பார். அப்புறம்தான் திருகுவார். "இன்னா பாய், டாக்டராட்டம் பாக்குறீங்க?" என்று ஒருநாள் கிண்டல் செய்தேன். "சிரிங்கமா. ஊரு மேல வளந்துக்கினு இருக்குதுன்னு நீங்கல்லாம் நெனைக்கிறீங்க. அது கீழ வளந்த கதை எனக்குத்தான் தெரியும்" என்றார்.

உண்மைதான். கோயில் முனையில் இருந்த ஒற்றைத் தெருக்குழாயில் பெண்கள் குடுமிப்பிடிச் சண்டை போட்டது, பிறகு வீட்டுக்கு வீடு இணைப்பு வந்தது, சுற்றியிருந்த வயல்களெல்லாம் 'நகர்' என்று பெயர் மாறியபோது பழைய குழாயிலேயே ஒட்டுப்போட்டு இழுத்தது, மூன்று மாடி எழுப்பியவர்கள் மோட்டார் வைத்து உறிஞ்சியது என்று ஊரின் வரலாற்றைக் குழாய் வழியாகவே சொல்வார். நான் கேட்டவரையில் எங்கும் அந்தக் குழாய்களுக்கு வரைபடம் கிடைக்கவில்லை. ஒன்று இருந்ததாம், யாரோ எடுத்துப்போனார்களாம். மிச்சமெல்லாம் அவர் தலைக்குள் இருந்தது.

என் மாமியார் இறந்த அன்று எங்கள் தெருவுக்குத் தண்ணீர் முறை இல்லை. யாரும் அவருக்குச் சொல்லி அனுப்பவும் இல்லை. ஆனால் பத்து மணிக்குக் குழாயில் தண்ணீர் கொட்டியது. வெளியே வந்து பார்த்தால் சைக்கிளோடு நிற்கிறார். "சாவு வூட்டுக்காரங்கள தண்ணி கேக்க வெக்கக் கூடாதும்மா. நாமளே வுடணும்" என்றார். அந்த மனிதர் இறந்த அன்று அவரைக் குளிப்பாட்டக் கடையில் கேன் தண்ணீர் வாங்கி வந்தார்கள். அவர் வீடு எங்களுக்கு அடுத்த தெரு, குழாயும் அதே குழாய். லாரியில் நான் பிடித்த குடத்தையும் கொண்டுபோய் வைத்தேன். போதவில்லை. அவர் மகன் கேன்களை உள்ளே தூக்கிப்போனபோது அந்தப் பையனின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அவர் வீட்டுக்கே தண்ணீர் இல்லாமல் போன காரணத்தைச் சொல்லாமல் அஞ்சலி எழுதினால் அது பொய். காரணம் நான்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் நம் தெருவுக்குச் சிமெண்ட் சாலை வந்தது. சாமி புறப்பாட்டுக்குள் முடிக்க வேண்டும் என்று, தெரு நலச்சங்கச் செயலாளரான நான்தான் ஒற்றைக்காலில் நின்றேன். பாய் அப்போது ஓய்வு பெற்றிருந்தார். இருந்தும் வந்து, வால்வு இருக்கும் பதினோரு இடங்களில் சிவப்பு பெயிண்டால் வட்டம் போட்டார். "இங்கல்லாம் பெட்டி கட்டி, மூடிய மேல தூக்கி வெச்சிட்டு அப்புறமா சிமெண்ட் போடுங்க. இல்லன்னா வால்வெல்லாம் உள்ளயே போயிடும்." அதற்கு இன்னும் பத்து நாள் ஆகும் என்றார் ஒப்பந்தக்காரர். "பரவால்ல, போட்டுடுங்க. பாய்தான் இருக்காரே, அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொன்னவள் நான். வட்டங்களின்மேல் சிமெண்ட் விழுவதை அவர் சைக்கிளைப் பிடித்தபடி பார்த்தார். "ரோடு சூப்பரா இருக்குதும்மா" என்றார். திட்டியிருக்கலாம், திட்டவில்லை. பிறகு இரண்டு முறை, "எப்போ ஒடைக்கலாம்?" என்று கேட்டார். திறந்தபடியே புதைந்த வால்வுகள் வழியாகத் தண்ணீர்தான் வந்துகொண்டிருந்ததே, புதுச் சாலையை உடைக்க யாருக்கு மனசு வரும்?

போன மாதம் குழாயில் சாக்கடை நாற்றம் அடித்தது. வசந்தாவின் மகளுக்கு மஞ்சள் காமாலை. உடைந்த இடத்தைச் சரிசெய்ய வேண்டுமானால் முதலில் வால்வை மூட வேண்டும். வால்வு எங்கே? குத்துமதிப்பாகத் தோண்டியதில் இன்னொரு குழாயும் உடைந்தது. கடைசியில் தண்ணீரையே நிறுத்திவிட்டார்கள். பாய் நுரையீரல் நோயோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார். எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது என்று நான் பத்து நாள் தள்ளிப்போட்டேன்.

போனேன். பையில் சாத்துக்குடியும் ஒரு நோட்டும் இருந்தன. நான் கேட்பதற்குள் அவரே தொடங்கினார்.

"எழுதிக்கங்கமா. மொதலாவது, பிள்ளையார் கோயில் படியிலருந்து கெழக்கால ஆறு அடி. ரெண்டாவது, டிரான்ஸ்பார்மருக்கு நேரா, நடு ரோட்ல. மூணாவது, உங்க வூட்டு வாசப்படிக்கு எதுத்தாப்ல நாலு அடி." மூச்சு வாங்கியது. "சீக்கிரம் எழுதுங்கமா. நான் போயிட்டேன்னா..."

பக்கத்தில் நின்ற அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்குத் தாங்கவில்லை. போகப்போகிறவரின் பேச்சாக அதை எழுதிக்கொண்டால் நாமே அவரை அனுப்பிவைப்பது போலாகாதா? நோயாளியின் வாயில் அந்த வார்த்தை வரக்கூடாது என்றுதானே நம்மை வளர்த்திருக்கிறார்கள்? "சும்மா இருங்க பாய். இன்னா பேச்சு இது? நல்ல வார்த்தை பேசுங்க. நீங்களே எழுந்து வந்து காட்டப்போறீங்க" என்று சொல்லி நோட்டை மூடினேன்.

"சரிம்மா" என்று அவர் கண்ணை மூடிக்கொண்டார். நல்லது செய்துவிட்ட நிம்மதியோடு நான் பஸ் ஏறினேன். அந்த நிம்மதியை நினைத்தால் இப்போது என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. நாலாம் நாள் அவர் போய்விட்டார்.

அவர் சொன்ன மூன்று இடங்களிலும் தோண்டினோம். அடிக்கணக்கு கொஞ்சமும் பிசகவில்லை, மூன்று வால்வும் கிடைத்தன. உடைப்பு அவற்றுக்கு அப்பால் எங்கோ இருக்கிறது, அதை அடைக்கும் வால்வு மீதி எட்டில் ஒன்று. இன்றைக்கும் லாரிதான்.

ரஷீத் பாயிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த நோட்டில் ஒரு பக்கம். மூன்று வரிகள். அதன் கீழே, அவர் சொல்லச் சொல்ல எழுதுவதற்காக நான் முன்கூட்டியே போட்ட எண், நான்கு. அதற்கு எதிரே ஒன்றும் இல்லை.