ஒயில் எங்கே போனது

விடத்தல்தீவிலிருந்து உள்நோக்கி இரண்டு கட்டை தூரத்தில், வயல்களுக்கு நடுவே எங்கள் வீடு தனியாக நின்றது. அதில் அப்பா, மாமி, நான் மூன்று பேர். மாமி அப்பாவின் தங்கை. என்னைப் பெறும்போதே அம்மா இறந்துவிட, என்னை வளர்க்க வந்தவர் அப்படியே தங்கிவிட்டார். அவரைப் பெண் கேட்டு வந்தவர்களிடம் அப்பா, “பிள்ளை கொஞ்சம் வளரட்டும்” என்று சொல்லி அனுப்பினாராம். நான் வளர்ந்தேன். அதற்குள் கேட்டு வருவதும் நின்றுவிட்டது.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த கையோடு, சீமைக்குத் திரும்பிய ஒரு துரையிடமிருந்து அப்பா பழைய உழவு மெசின் ஒன்றை வாங்கினார். அதன் பின்புறம் இரண்டு இரும்புக் கைகள் இருந்தன. பிடியை இழுத்தால் ஒயில் என்ற மெசின் எண்ணெயின் அழுத்தத்தில் அவை கலப்பையைத் தூக்கும். எட்டு வயதான எனக்கு அதைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் விளையாட்டு.

மழைக்கு முன் ஒருநாள் அந்தக் கைகள் பாதி உயரத்தில் நடுங்கி நின்றன. மன்னாரிலிருந்து மெக்கானிக் ஒருவர் பஸ்ஸில் வந்தார். நாற்பது வயதிருக்கும், தனிக்கட்டை. மெசினுக்கு அடியில் படுத்து ஒரு திருகைத் திறந்து ஒயிலை இறக்கினார். பிறகு உள்ளேயிருந்த, ஒயிலை அரித்து விடும் வடியை எடுத்தார். அதில் சேறு அடைத்திருந்தது. மண்ணெண்ணெயில் கழுவிப் பூட்டியதும் கலப்பை எழும்பியது. மாமி தேத்தண்ணி கொடுத்தார். கழுதையொன்று அரசாங்கக் கந்தோருக்குள் புகுந்து கடுதாசி தின்ற கதையை மெக்கானிக் சொன்னார். மாமி வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது அன்றுதான்.

இரண்டு கிழமையில் கலப்பை மறுபடி எழவில்லை. அவர் வந்து ஒயில் அளக்கும் கோலை விட்டுப் பார்த்தார். ஒயில் குறைந்திருந்தது. ஊற்றிவிட்டுப் போனார். மூன்றாம் முறை அவர் வந்தபோது மழை தொடங்கியிருந்தது. விதைப்பு பிந்திக்கொண்டிருந்ததில் அப்பா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

“ஒழுக்கு ஒண்டும் இல்லை அண்ணை. கொட்டிலுக்குள்ள நிலம் காய்ஞ்சுதான் கிடக்கு. ஒயில் எங்க போகுதெண்டு எனக்கு விளங்கேல்லை” என்றார் மெக்கானிக்.

எனக்குத் தெரியும். சில நாள் முன்பு ஒரு மத்தியானம், அப்பா வெளியே போயிருந்தபோது, மாமி மெசினுக்கு அடியில் படுத்து அதே திருகை ஸ்பானரால் திறந்து ஒரு டின்னில் ஒயில் பிடித்ததைக் கண்டிருந்தேன். ஒருவரும் கேட்காததால் சொல்லவில்லை.

“மாமி எடுத்தவ. வைக்கல் போருக்குள்ள இருக்கு” என்றேன். ஓடிப்போய் டின்னை எடுத்துக்கொண்டும் வந்தேன்.

அப்பா டின்னைப் பார்த்தார். பிறகு மாமி சமைத்துக்கொண்டிருந்த குசினிப் பக்கம் பார்த்தார். மெக்கானிக் கைகளைத் துடைத்தார். துடைத்து முடிந்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

“கதவுப் பிணைச்சலுக்குப் போட எடுத்திருப்பா, பிள்ளை” என்றார் என்னிடம் மெல்ல. டின்னில் இருந்ததைத் துணியில் வடித்து ஊற்றித் திருகை இறுக்கினார். கலப்பை எழும்பியது. தேத்தண்ணிக்கு அவர் நிற்கவில்லை. குசினி வாசலைப் பாராமலே, “போட்டு வாறன்” என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நடந்தார்.

அப்பா மாமியை ஏசவில்லை. அன்று பின்னேரம் மாமி எனக்குத் தலை வாரிவிட்டார்.

“நீ கண்டனியே?”

“ஓம் மாமி.”

சீப்பு கொஞ்ச நேரம் நின்று, பிறகு நகர்ந்தது. அவரைத் தேற்ற நினைத்து, “இனி மெசின் பழுதாகாது மாமி” என்றேன்.

“ஓம். இனிப் பழுதாகாது.”

அடுத்த வருடம் அந்த இரும்புக் கைகள் உண்மையாகவே பழுதாகின. அப்பா ஒருவரையும் கூப்பிடவில்லை. தானே மெசினை மன்னாருக்கு ஓட்டிக்கொண்டு போனார். மாமி வேலிப் படலை வரை வந்து, புழுதி அடங்கும்வரை அந்தத் தெருவையே பார்த்துக்கொண்டு நின்றார். மெசின் நல்லபடி போய்ச் சேர வேண்டுமே என்று கவலைப்படுகிறார் என்றுதான் நான் நினைத்தேன்.