வடிவக்கா வீட்டு ஜன்னலும் இரண்டு ஏழிலைப்பாலை மரங்களும்

வடிவக்கா போய்விட்டார் என்ற செய்தி, நான் பால்கனி நிழலில் காபியோடு உட்கார்ந்திருந்தபோது வந்தது. புனேயிலிருந்து அவர் மகன் செந்தில் பேசினான். "அங்கிள், அம்மா நேத்து சாயங்காலம் போயிட்டாங்க. ஹார்ட்தான். ஏக்தம் சடனா ஆயிடுச்சு." தில்லியில் பிறந்து வளர்ந்த பிள்ளையின் தமிழ். இருதயம் என்று அவன் சொன்னதும் எனக்குள் ஒரு நிம்மதி எட்டிப் பார்த்தது. அப்படியானால் மூச்சுத் திணறல் இல்லை; அப்படியானால் மரம் காரணமில்லை. சாவுச் செய்தி கேட்டவனுக்கு முதலில் வரவேண்டியது நிம்மதியா? அக்காவை அறிந்த உங்களிடம் இதை ஒப்புக்கொள்ளாமல் என்னால் அஞ்சலி எழுத முடியாது.

சண்முகவடிவு என்ற முழுப்பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. இந்திக்காரர்களுக்கு அவர் வடிவுஜி, நம்மவர்களுக்கு வடிவக்கா. நாங்கள் வேலை பார்த்த தில்லி அரசு அலுவலகத்தில் அவருக்குத் தபால் பிரிவு. வருகிற கடிதங்களைப் பதிந்து அந்தந்தப் பிரிவுக்கு அனுப்பும் வேலை. மற்றவர்கள் 'பொருள்' என்று மேலே இருக்கும் ஒரு வரியைப் பார்த்துவிட்டுத் தள்ளிவிடுவார்கள். இவர் மட்டும் முழுக்க வாசிப்பார். "கொஞ்சம் ஜல்தி அனுப்புங்க அக்கா" என்று ஒருமுறை நான் கடிந்துகொண்டபோது, நெல்லைத் தமிழில் நிதானமாகச் சொன்னார்: "மேல எழுதுததெல்லாம் சர்க்காருக்கு சார். மனுசனுக்கு என்ன வேணும்ங்கது கடைசி வரியிலல்லா இருக்கும்." நான் சிரித்துவிட்டுப் போனேன். பொருள் வரியை மட்டும் பார்த்தே குறிப்பு எழுதி, கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கியவன் நான்.

ஓய்வுக்குப் பிறகு இருவருமே தில்லி துவாரகாவில் ஒரே குடியிருப்பில் வீடு வாங்கினோம். அவருக்குத் தரைத்தளம், அதே வரிசையில் இரண்டாம் மாடி எனக்கு. குடிவந்த முதல் மழைக்காலத்தில் அவர் ஜன்னலுக்கு எதிரே இரண்டு ஏழிலைப்பாலைக் கன்றுகளை நட்டவனும் நான்தான். "இன்னும் தள்ளி வையுங்க சார், அது வளருமே" என்றார் அக்கா. தள்ளி வைத்தால் கார் நிறுத்தும் இடம் குறையும் என்று சுவரிலிருந்து ஆறடியிலேயே குழி தோண்டச் சொன்னேன்.

பதினைந்து வருடத்தில் அவை நான்கு மாடிக்கு வளர்ந்தன. மே மாத வெயிலில் என் பால்கனிக்கு அது சொர்க்கம். கீழே அவர் வீட்டில் பகலிலும் விளக்கு எரியும். அக்டோபரில் பூ விட்டால் அந்த நெடி ஜன்னலைச் சாத்தினாலும் உள்ளே இறங்கும். அக்காவுக்கு இழுப்பு வரும். தீபாவளி முடியும்வரை துப்பட்டாவால் மூக்கைக் கட்டிக்கொண்டுதான் சமைப்பார்.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் நான். அவர் மனு கொடுத்தார். 'பொருள்: என் வீட்டை ஒட்டிய இரண்டு மரங்கள்.' எனக்கு அது போதுமாக இருந்தது. மரம் வெட்ட வனத்துறை அனுமதி வேண்டும், சங்கம் பரிந்துரைக்க இயலாது என்று பதில் எழுதினேன். அடுத்த வருடம் இன்னொரு மனு. மருத்துவச் சான்றிதழ் இணைக்கவும் என்று பதில் அனுப்பினேன். மூன்றாவது வருடம் சான்றிதழோடு வந்தது. படிக்கட்டில் பார்த்தபோது, "சார், வாசிச்சியளா?" என்று கேட்டார். "வாசித்தேன் அக்கா, பொதுக்கூட்டத்தில் வைக்கிறேன்" என்றேன்.

கூட்டத்தில் நான் பொரிந்து தள்ளினேன். தில்லியின் காற்று இருக்கும் லட்சணத்தில் நிற்கிற மரத்தை வெட்டுவதா, நம் பேரக்குழந்தைகளுக்கு என்ன பதில் சொல்வோம் என்றெல்லாம். ஒரே கைதட்டல். அக்கா பாதி எழுந்தவர் உட்கார்ந்துவிட்டார். வெளியே வந்ததும், "நல்லாப் பேசுனிய சார்" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. "நீங்களும் ஏதாவது சொல்லியிருக்கலாமே" என்று கேட்டேன். "எழுதிக் குடுத்திருக்கம்லா. அதுக்கு மேல வாயால என்னத்தச் சொல்ல?" என்றார். அவர் ரோஷம் உங்களுக்குத் தெரியும்.

அந்தக் குளிர்காலம் முழுவதும், பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கார்களுக்கு நடுவில் வெயில் தேடி உட்கார்ந்திருந்தார். வண்டி எடுக்க வருகிறவர்கள் "ஆன்ட்டிஜி, தோடா சைடு" என்றால் எழுந்து நகர்வார். நான் மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மறு அக்டோபருக்கு முன்பே வீட்டைப் பூட்டிக்கொண்டு மகனோடு புனேக்குப் போய்விட்டார். சாவியை என்னிடம்தான் கொடுத்தார்.

இரங்கல் கூட்டத்துக்காக, அவர் சங்கத்தில் சேர்ந்த வருடத்தைப் பார்க்கலாம் என்று கோப்பை எடுத்தேன். மூன்று மனுக்களும் இருந்தன. காகிதத்தை வீணாக்க மாட்டார். தாளின் இரண்டு பக்கமும் எழுதுவார். நான் ஒன்றைக்கூடத் திருப்பிப் பார்த்ததில்லை. பின்பக்கத்தில் மூன்றிலும் ஒரே கடைசி வரி: 'மரங்களை வெட்ட வேண்டாம். என் ஜன்னல் மேல் சாய்ந்திருக்கும் கீழ்க்கிளைகள் இரண்டை மட்டும் கழித்தால் போதும். மேல் வீட்டு சாருக்குக் கோடையில் நிழல் வேண்டும்.'

அன்றைக்கே அனுமதிக்கு எழுதினேன். போன வாரம் ஆள் வந்தான். இரண்டு கிளைகள், அரை மணி நேரம். கத்தியைத் துடைத்துக்கொண்டே, "பஸ், இத்னா ஹீ, சாப்?" என்று கேட்டான். ஆமாம், இவ்வளவேதான். சாவியைப் போட்டு அவர் வீட்டைத் திறந்தேன். சமையல் மேடைவரை வெயில் விழுந்திருந்தது. என் பால்கனியின் நிழலில் ஓர் இலைகூடக் குறையவில்லை.

அவர் நினைவாக மூன்றாவது மனுவை மட்டும் சங்கக் கோப்பிலிருந்து எடுத்து என்னிடம் வைத்துக்கொண்டிருக்கிறேன். அதன் முன்பக்க ஓரத்தில், 'படித்தேன்' என்று எழுதி நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.