மாத்திரை குறையக் குறைய

விடிவதற்கு முன்பே மல்லிகைக் காட்டில் இறங்கிவிடுவது எங்கள் வழக்கம். மொட்டு வாய் திறப்பதற்குள் பறித்து, முதல் பஸ்ஸில் திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். அப்படி ஒரு விடியலில், அடிக்கொப்பில் இருந்த மொட்டுகளுக்காகக் குத்தவைத்து உட்கார்ந்தவள் எழுந்திருக்க முடியாமல் போனேன். தொடை இரண்டும் என்னுடையவை இல்லை என்பதுபோல் இருந்தன. தரையில் கை ஊன்றினேன், மணிக்கட்டு சுரீரென்றது. அடுத்த வரிசையில் பறித்துக்கொண்டிருந்த என் ஓரகத்தி, என் கணவரின் அண்ணன் மனைவி, நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னாத்தா, செடிக்கு அடியில அடைகாக்குறியா?"

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே செடியைப் பிடித்து எழுந்தேன். அன்றைக்கு முழுக்க யாரிடமும் அதைப் பற்றிப் பேசவில்லை.

இது எண்பதுகளில் நடந்தது. அகரம் பக்கத்தில் எங்கள் காடு. எனக்கு வெகுகாலமாக இளைப்பு. மூச்சு முட்டிச் சாகக் கிடந்தபோது திண்டுக்கல் டாக்டரம்மா ஒரு சின்ன வெள்ளை மாத்திரை கொடுத்தார். ஸ்டீராய்டு என்று அதற்குப் பெயர். அதற்குப் பிறகுதான் நான் படுத்து உறங்கினேன். வருஷக்கணக்கில் அதை விழுங்கினேன். முகம் பூசணிக்காய்போல் உப்பிவிட்டது. "நல்லாப் பூரிச்சுப் போயிட்ட" என்று ஊரில் கண் வைத்தார்கள். அது பூரிப்பு இல்லை, இனியும் தின்றால் எலும்பைக் கெடுத்துவிடும், கொஞ்சங்கொஞ்சமாகக் குறைத்து நிறுத்திவிடலாம் என்று டாக்டரம்மா அளவைக் குறைத்துக்கொண்டே வந்தார். மூச்சு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மாத்திரை குறையக் குறைய, தோள், இடுப்பு, முழங்கால், விரல் என்று உடம்பின் ஒவ்வொரு பூட்டும் வலியெடுத்தது.

வலியைவிடப் பயம் பெரிதாக இருந்தது. எங்கள் தெருவில் ஒருவர் கைகால் விழுந்து கட்டிலோடு கிடந்தார். அவருக்கு ஈ விரட்டவும் ஆள் வேண்டும். அந்த வீட்டைக் கடக்கும்போதெல்லாம் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். நான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள்தான். ஆனால் பூப் பறிப்பதில் என் கை வேகத்துக்கு அகரத்தில் ஆள் கிடையாது. அந்த விரல்கள் காலையில் சேலை முந்தானையைச் செருகக்கூட மடங்கவில்லை. நாமும் கட்டிலில் விழப்போகிறோம், இன்னொருத்தி வந்து நம்மைப் புரட்டிப் போடப்போகிறாள் என்று ராத்திரியெல்லாம் நினைத்துக்கொண்டு கிடப்பேன்.

எத்தனை நாள் மறைக்க முடியும்? ஓரகத்தி கண்டுபிடித்துவிட்டாள். அவளை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "எல்லாம் அந்த மாத்திரைச் சூடுதான். அம்புட்டு வருசமா உள்ள போன சூடு இப்பப் பூட்டுப் பூட்டா வெளிய வருது. பேதிக்குக் குடுத்துத் தலைக்கு ஊத்துனா எறங்கிரும்" என்றாள். எங்கள் வீட்டில் பேதிக்குக் குடித்தாலும் எண்ணெய் தேய்த்துக் குளித்தாலும் அந்த நாட்களில் இங்கிலீஷ் மருந்து தொடக் கூடாது. சூடும் குளிர்ச்சியும் மோதிக்கொள்ளும் என்பார்கள். மாத்திரையை எடுத்து உள்ளே வைத்துவிட்டு விளக்கெண்ணெய் கொடுத்தாள். வலி போனால் போதுமென்று குடித்தேன்.

இரண்டு மூன்று நாள் மாத்திரை இல்லாமல் போயிற்று. முதலில் வெறும் அசதி. பிறகு வாந்தி. உட்கார்ந்தால் கண் இருட்டியது. வியர்த்து ஊற்றியது, உடம்பு சில்லிட்டது. "அக்கா, எனக்குக் கால் எங்கருக்குன்னே தெரியல" என்று நான் சொன்னது மட்டும் நினைவிருக்கிறது. வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதெல்லாம் பிறர் சொல்லித்தான் தெரியும். ஊசியும் குளுக்கோஸும் ஏறிக் கண் விழித்தபோது டாக்டரம்மா சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். "உடம்பு தானாச் சுரக்க வேண்டியதை இத்தனை வருஷம் இந்த மாத்திரை பார்த்துக்கிச்சு. உடம்பு அந்த வேலையவே மறந்துபோச்சு. மெதுமெதுவாத்தான் பழக்கணும். குறைக்கும்போது கைகால் வலிக்கத்தான் செய்யும். வலிச்சா எங்கிட்ட வந்து சொல்லணும், இன்னும் மெதுவாக் குறைப்பேன். திடீர்னு நிறுத்தினா ஆளே போயிடும்." அக்கா சுவரோடு ஒட்டி நின்றாள்.

வீட்டுக்கு வந்த பிறகும் அவள் அதைப் பற்றிப் பேசியதில்லை. ஆனால் காலையில் பழையது சாப்பிட்டவுடன் மாத்திரையை என் உள்ளங்கையில் வைப்பவள் அவளாகிவிட்டாள். விழுங்கினேனா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பாள். முழுது பாதியாகி, பாதி காலாகி, ஒருநாள் விட்டு ஒருநாளாயிற்று. ஒவ்வொரு முறை குறைக்கும்போதும் வலி திரும்ப வந்து, கொஞ்ச நாள் இருந்து, போகும். இந்தத் தடவை போகாது என்றே ஒவ்வொரு தடவையும் நினைத்தேன்.

இனி மாத்திரையே வேண்டாம் என்று டாக்டரம்மா சொன்ன அன்று எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அக்காதான் முன்னால் போய் நின்றாள். "தாயி, ஒரு பொட்டுத் துணுக்காச்சும் குடுத்து விடுங்க. திடீர்னு நிறுத்துனா ஆளே போயிரும்னு நீங்கதான சொன்னீங்க" என்று கும்பிட்டாள். டாக்டரம்மா சிரித்துவிட்டார். நாங்கள் இருவரும் சிரிக்கவில்லை.

எனக்கு இப்போது வயதாகிவிட்டது. மழைக்காலத்தில் முழங்கால் பிடித்தால், அந்தப் பழைய பயம்தான் முதலில் வருகிறது. இது வயதுக்கு வரும் வலிதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. சொல்லித் தேற்ற அக்கா இல்லை.

மாத்திரை இல்லாத அந்த முதல் காலையை நினைத்துக்கொள்கிறேன். பாயில் படுத்திருந்தேன். அக்கா எதிரில் வந்து உட்கார்ந்தாள். என் கையில் வைக்க அவளிடம் ஒன்றும் இல்லை. "எந்திரி பாப்பம்" என்றாள். சொல்லிவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். நான் புரண்டு, கையை ஊன்றி, மெதுவாக எழுந்து நின்றேன். அவள் கண்ணைத் திறக்கவில்லை. நான் அடுப்படி வரைக்கும் நடந்துபோய்ச் செம்பில் தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்ட பிறகுதான் திறந்தாள்.