முதுகில் போட்ட எட்டுக் கிளிப்

இன்றைக்கு நினைத்தாலும் என்மேல்தான் ஆத்திரம் வருகிறது.

யுத்த காலத்தில் திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு புடவைக்கடையில் வேலை செய்தேன். எங்கள் சுடிதார்களை விற்க உள்ளூர் கேபிள் ரீவியில் ஒரு நிகழ்ச்சி நடத்தினோம். குரல் என்னுடையது.

படம் எடுத்த அன்று முதலாளி மெலிந்த பிள்ளை ஒருத்தியைக் கூட்டி வந்தார். சுடிதார் அவளுக்குத் தொளதொளவென்று கிடந்தது. முதுகுப் பக்கம் எட்டு உடுப்புக் கிளிப் போட்டு இறுக்கினேன். கடையில் வேலை செய்த பிலோமினா அக்கா பருமனானவர். தானும் ஒன்று போட்டுக் காட்டட்டுமா என்று கேட்டார்.

"நீங்கள் கமராவுக்குப் பின்னால நில்லுங்கோ அக்கா" என்றேன். பிறகு மைக்கைப் பிடித்து, எல்லா உடம்புக்கும் பொருந்தும் என்று சொன்னேன்.

நிகழ்ச்சி ரீவியில் போய் இரண்டு நாளில் கட்டைபறிச்சானிலிருந்து ஒரு பெண் அதே சுடிதாரைத் தேடி வந்தார். படகேறி, இரண்டு சோதனைச்சாவடிகளில் உடம்பைத் தடவ விட்டு வந்தவர். போட்டுப் பார்த்தார், கை நுழையவில்லை.

"குறை நினையாதையுங்கோ, என்ர உடம்புதான் சரியில்லை" என்று எங்களிடம் சொன்னார்.

நான் சுடிதாரை வாங்கி மடிக்கத் தொடங்கினேன். பிலோமினா அக்கா அவருக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"உங்கட உடம்பில ஒரு பிழையும் இல்லை. ரீவியில வந்த பிள்ளைக்கும் அது அளவில்லை. இவதான் பின்னால கிளிப் போட்டவ."

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். "அப்ப ஏன் எல்லாருக்கும் எண்டு சொன்னனீங்கள்?"

இரண்டு சாவடிகளிலும் அவர் உடம்பைச் சோதித்து, ஒன்றும் இல்லையென்று விட்டிருந்தார்கள். அந்த உடம்பில் பிழை இருக்கிறதென்று அவரையே நம்ப வைத்தது நான்.