பெரியப்பா மறைத்த மாத்திரை

பெரியப்பா தெருவிளக்கு பழுது பார்ப்பவர். கம்பத்தின் உச்சியில் ஒரு கையை விட்டுவிட்டு மூக்கைச் சொறிகிற ஆள். அப்படிப்பட்டவருக்குக் கொஞ்ச நாளாகத் தரையில் தலை சுற்றியது. கருவிப் பெட்டி அருகே குந்தியிருந்துவிட்டு எழுந்தால் கண் இருட்டும், சுவரைப் பிடித்துக்கொள்வார். இதை மேற்பார்வையாளர் பார்த்துவிட்டார்.

"டாக்டர் சீட்டு கொண்டு வாங்க. இல்லன்னா இனிமே கிடங்குல பல்பு எண்ணுங்க."

ஜன்னல்கூட இல்லாத கிடங்கு அது. பெரியப்பாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

துணைக்கு நான் போனேன். "நீங்க விழுந்தா நான் ஓரமா நின்னுக்குவேன், பெரியப்பா."

"உன்ன நம்பி எவன்டி விழுவான்?"

டாக்டரம்மா படுக்க வைத்து ரத்த அழுத்தம் பார்த்தார், சரியாக இருந்தது. நிற்க வைத்துப் பார்த்தார், மளமளவென்று இறங்கியிருந்தது.

"வேற மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா?"

பெரியப்பா என்னைப் பார்த்தார். "நீ வெளிய போய் உக்காரு."

வெளியே என்றால் ஒரு திரைச்சீலைக்கு இந்தப் பக்கம். பெருமூச்சுகூடக் கேட்கும்.

"ஒன்னுக்கு சரியா வரலன்னு வேற டாக்டர் ஒரு மாத்திரை குடுத்தாருங்க. வீட்ல சொல்லல."

"என்கிட்ட சொல்லலாமே ஐயா. மூத்திரப்பை வாசல்லயும் ரத்தக் குழாய்லயும் ஒரே குடும்பத்துப் பூட்டு இருக்கு. உடம்பு அதுல சாவி போட்டா அந்த இடம் இறுகும். உங்க மாத்திரை பூட்டை அடைச்சிடும். வாசல் தளர்ந்து ஒன்னுக்கு வரும். ஆனா குழாயும் தளர்ந்துடுதே. நீங்க எழுந்ததும் ரத்தம் காலுக்கு இறங்குது. குழாய் இறுகினாத்தான தலைக்குப் போகும்?"

"அப்ப ஒன்னுக்கா, வேலையான்னு நான் முடிவு பண்ணணுமா?"

"ரெண்டும் இருக்கட்டும். ஒரே குடும்பத்துப் பூட்டுன்னாலும், அண்ணன் தம்பி ஒரே ஜாடையாவா இருப்பாங்க? பெரும்பாலும் கீழ இருக்கற பூட்டை மட்டும் அடைக்கிற மாத்திரை இருக்கு. அத எழுதறேன். கொஞ்ச நாள் கம்பம் ஏறாதீங்க. திரும்ப வந்து நின்னு காட்டுங்க."

என் நாக்கு நுனியில் ஏழெட்டு கிண்டல் வரிசையில் நின்றன. வெளியே வந்தவரின் முகத்தைப் பார்த்ததும் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு, "பசிக்குது, பெரியப்பா" என்றேன்.

அடுத்த முறை போனபோது படுத்தார், எழுந்தார், நின்றார். அழுத்தம் கொஞ்சம் அசைந்தது, விழவில்லை. டாக்டரம்மா சீட்டில் கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக்கு வந்ததும் பெரியம்மாவிடம் எல்லாவற்றையும் தலை குனிந்தபடி சொன்னார்.

"தெரியுமே," என்றார் பெரியம்மா. "ராத்திரி நாலு தடவ என்னைத் தாண்டித்தான போறீங்க."

பெரியப்பா தோள் குலுங்கச் சிரித்தார். குந்தி உட்கார்ந்து கருவிப் பெட்டியைப் பூட்டினார். எதையும் பிடிக்காமல் எழுந்து வேலைக்குக் கிளம்பினார்.