அம்மாவின் கரண்டிச் சத்தம்

துறைமுகக் குடியிருப்பில், என் மகள் ஆங்கிலப் பாடத்தோடு அடுப்படிக்கு வந்தாள்.

"'ஹேவ் எ சே'ன்னா என்னம்மா?"

"முடிவெடுக்கையில நம்ம பேச்சையும் கேக்கணும்னு அர்த்தம்."

அப்போது என் கரண்டி அடுப்பிலிருந்த சருவப் பாத்திரத்தில் இடித்தது.

நான் பிறந்த வீட்டில் ஆண்கள் கூடிப் பேசும்போது பெண்கள் முன்னால் வரக்கூடாது. சம்மதமில்லையென்றால் அம்மா அடுப்படியில் சருவத்தைக் கரண்டியால் தட்டுவாள். அப்பா உள்ளே வந்து என்னவென்று கேட்டுவிட்டுப் போவார்.

அக்காவுக்குத் தூத்துக்குடி வரன் பேசிய அன்று அம்மா விடாமல் தட்டினாள். மாப்பிள்ளை குடித்துவிட்டுக் கைநீட்டுகிறவன் என்று அவள் கேள்விப்பட்டிருந்தாள். அப்பா எழுந்திருக்கவில்லை.

"ஏளா, அங்கன என்ன சத்தம்? பேசிக்கிட்டிருக்கோம்லா!"

அடுத்த ஆடிக்குள் அக்காவைப் பிணமாகக் கொண்டுவந்தார்கள். அதன்பிறகு அம்மா எந்தப் பாத்திரத்தையும் சத்தம் வர வைத்ததேயில்லை.

"உதாரணம் சொல்லும்மா," என்றாள் மகள்.

நான் சருவத்தை மெதுவாக, சத்தமில்லாமல் இறக்கிவைத்தேன்.